ரெண்டு காதும் தெரியணும்

"நேரா பாருங்க. சிரிக்காதீங்க. ரெண்டு காதும் தெரியணும்."

இந்த மூன்று வாக்கியங்களை வைத்துத்தான் நான் முன்னுக்கு வந்தேன். தோட்டப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்போடு என் படிப்பு முடிந்தது. அதற்குப் பிறகு எனக்கு யாரும் எதையும் சொல்லிக் கொடுத்ததில்லை. எல்லாமே பார்த்துப் பார்த்துப் பிடித்துக்கொண்டதுதான். ஹட்டன் கடைத்தெருவில் ஒரு முஸ்லிம் முதலாளியின் ஸ்டூடியோவில் படம் கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் நின்று தொழிலைத் தொடங்கியவன், ஆறே வருஷத்தில் அதே தெருவின் எதிர்ச்சாரியில் என் பெயர்ப் பலகையை மாட்டினேன். அந்த முதலாளியே வந்து கடையைத் திறந்து வைத்துவிட்டு, "பொடியன் என்னய மிஞ்சிட்டான்" என்று ஊர் கேட்கச் சொன்னார். இதை நான் சொல்லவில்லை, அவர் சொன்னது.

காலமும் எனக்குச் சாதகமாக இருந்தது. இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் உண்மை. நாடு சுதந்திரம் அடைந்த கையோடு எங்கள் தோட்டத்து ஆட்களின் பிரஜாவுரிமை போய்விட்டது. இங்கேயே பிறந்து இங்கேயே கொழுந்து கிள்ளியவர்கள், தாங்கள் இந்த நாட்டு ஆட்கள்தான் என்று காகிதத்தில் காட்ட வேண்டியதாகிவிட்டது. விண்ணப்பம், விசாரணை, சத்தியக் கடுதாசி, மறுபடியும் விசாரணை. போதும் சாமி, இந்தியாவுக்கே போகிறேன் என்றவனுக்குக் கடவுச்சீட்டு. எந்தக் காகிதமானாலும் அதோடு ஒட்ட ஒரு படம் கேட்டார்கள். மஸ்கெலியாவிலிருந்தும் கந்தப்பளையிலிருந்தும் குடும்பம் குடும்பமாக வருவார்கள். தீபாவளிக்கு எடுத்த சேலையைக் கட்டிக்கொண்டு, தலையில் எண்ணெய் வழிய, கலியாண வீட்டுக்கு வந்த மாதிரி வந்து, சாவு வீட்டில் உட்காருகிற மாதிரி உட்காருவார்கள்.

கமரா என்றால் அவர்களுக்கு அரசாங்கத்தின் கண். அதற்கு முன்னால் அசையக்கூடாது, முகத்தை மறைக்கக்கூடாது. மறைத்தால் விண்ணப்பம் திரும்பி வந்துவிடும். இந்தப் பாடத்தை மலைநாட்டுக்கே நடத்தியவன் நான். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் நடந்ததெல்லாம் இதிலிருந்து வந்ததுதான்.

ஸ்டூடியோ வைத்திருந்தவன் எப்படிச் சினிமாவுக்குப் போனேன் என்று கேட்பார்கள். தோட்டம் தோட்டமாகப் போய்ப் படம் காட்டுகிற ஜீப் ஒன்று அந்த நாளில் ஓடியது. மெஷின் ஓட்டுகிறவன் காய்ச்சலில் படுத்துவிட, நான் ஒரு வாரம் போனேன். போனவன் நாலு வருஷம் ஞாயிறுதோறும் போனேன். ஒரே படத்தை முப்பது தோட்டத்தில் ஓட்டினால், எந்த இடத்தில் சனம் மூச்சைப் பிடிக்கிறது, எந்த இடத்தில் வெற்றிலைப் பையைத் தேடுகிறது என்று தெரிந்துவிடும். கத்திச் சண்டைக்கு யாரும் மூச்சைப் பிடிக்கவில்லை. ஒருவன் மூடிய கதவைத் தள்ளிக்கொண்டு போகிறான், உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியவில்லை. அங்கேதான் பிடித்தார்கள். அப்போதே முடிவு செய்தேன்: எடுத்தால் திகில் படம்தான்.

கதைக்கு நான் எங்கும் அலையவில்லை. பொலிஸ் வருமோ, பெயரை வெட்டுவார்களோ, குடியிருக்கிற லயத்துக் காம்பராவை விட்டு இறக்குவார்களோ என்று எங்கள் ஆட்கள் பயந்து கிடந்ததே பெரிய திகில் படம். நான் அதில் ஒரு வெடிகுண்டைச் சேர்த்தேன், அவ்வளவுதான். தோட்டத்தில் வேலைநிறுத்தம். கம்பளி போர்த்திய ஒருவன் தேயிலை அரைக்கிற ஸ்டோருக்குள் புகுந்து, கல்லுடைக்கிற வெடியை என்ஜின் அறையில் வைக்கிறான். ஸ்டோர் வெடிக்கிறது. பொலிஸ் வந்து தொழிலாளிகளைச் சுடுகிறது. சங்கத் தலைவரைப் பிடித்துப் போகிறார்கள். கடைசியில் கம்பளிக்காரன் தோட்டத்து நிர்வாகமே ஏவிய ஆள் என்று தெரிகிறது. அந்தக் காலத்தில் இப்படி ஒரு கதையை வாயால் சொல்லவே பயப்படுவார்கள். நான் படமாக எடுத்தேன். மலைநாட்டில் எனக்கு முந்தி எவனும் எடுத்ததாக நான் கேள்விப்படவில்லை.

கமரா, ஊருக்குத் திரும்பிப்போன ஒரு வெள்ளைக்காரத் தொரையின் பங்களாச் சாமான்களோடு கிடைத்தது. சாவி கொடுத்து ஓட்டுவது. ஒரு சாவிக்கு அரை நிமிஷம்கூட ஓடாது. பேச்சு பதியாது. அதனால் என்ன? படத்தை ஓட்டிக்கொண்டே மைக்கைப் பிடித்து நானே எல்லார் குரலிலும் பேசுவதென்று ஏற்பாடு. யார் நல்லவன், யார் கெட்டவன், யார் ஏவினார்கள் என்பதெல்லாம் என் வாயில்தான் இருந்தது. படச்சுருளில் இல்லை.

எடுத்த இடம் மஸ்கெலியாப் பக்கம் ஒரு தோட்டம். பெயர் வேண்டாம். அங்கே தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுகிற, அதாவது கிளை கழிக்கிற, ஒருவன் இருந்தான். மாசி மாதக் காமன் கூத்தில் அவன் வேஷம் கட்டினால் பக்கத்துத் தோட்டங்களிலிருந்தெல்லாம் பார்க்க வருவார்கள். ஓங்கு தாங்கான ஆள், ஆனால் நடந்தால் சத்தமே வராது. மனைவியும் இரண்டு பெண் பிள்ளைகளும். பிரஜாவுரிமைக்கு அவன் போட்ட விண்ணப்பம் வருஷக்கணக்காகக் கிடந்து, அந்த வருஷம்தான் அசைந்திருந்தது. விசாரணைக்கு அழைப்பு வரும் என்று தகவல் வந்துவிட்டது. நான் அவன் காம்பராவுக்குப் போனபோது வாசலில் உட்கார்ந்து கவ்வாத்துக் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தான்.

"என்னா வேஷம்ணே?"

"குண்டு வைக்கிறவன்."

தீட்டுவதை நிறுத்தினான். "வேற ஆளப் பாருங்கண்ணே. எனக்கு வெசாரண வருது."

"படந்தானேப்பா. போன மாசி காமனா எரிஞ்சியே, செத்தா போயிட்ட?"

"கூத்து நம்ம ஆளுக பாக்குறது. இது எங்கெங்க போகுமோ, யார் யார் பாப்பாங்களோ."

உள்ளே ரொட்டி தட்டிக்கொண்டிருந்த அவன் மனைவி, தலையை நீட்டாமலே பேசினாள். "அப்புறம் பீலிக்கரைல தண்ணி புடிக்கப் போனா என்னய குண்டுக்காரன் பொஞ்சாதின்னுதான் கூப்புடுவாங்க."

"மூஞ்சி தெரியாதும்மா. கம்பளியப் போட்டு மூடிருவேன். சத்தியமா."

"சத்தியத்த அம்மன் கோயில்ல வந்து பண்ணுங்கண்ணே. அடுப்படில பண்ணுனா பொகையோட போயிரும்."

நான் சிரித்தேன். அவனும் சிரித்தான். அந்தச் சிரிப்பில்தான் அவன் சம்மதித்தான் என்று நினைக்கிறேன். மூன்று குவளை பாலில்லாத சாயத்தண்ணி குடிக்கும்வரை நான் அவனைப் பற்றி அவனிடமே புகழ்ந்து பேசினேன். பேச்சில் என்னை யாரும் ஜெயித்ததில்லை.

அப்போது தோட்டத்தை நடத்திய பழைய தொரையிடம் காமன் கூத்தைப் படம் பிடிக்கப் போகிறேன் என்று சொன்னேன். அவர் சந்தோஷப்பட்டு, சுருட்டை வாயிலிருந்து எடுக்காமலே தலையாட்டினார். அது பொய்தான். ஆனால் அந்தப் பொய் இல்லாவிட்டால் படம் இல்லை.

முதல் ஞாயிறு பெரட்டுக்களத்தில் எடுத்தேன். காலையில் ஆள் கணக்கெடுக்கிற அந்தத் திடலில் ஐம்பது அறுபது பேர் கூடிவிட்டார்கள். பொலிஸ்காரர்களுக்கு வாட்ச்சர்மாரின் காக்கிச் சட்டை, கையில் சீவின மரத்துண்டு. கொடியைப் பிடித்துக்கொண்டு எல்லாரும் கத்திக்கொண்டே கமராவைத் தாண்டி ஓட வேண்டும். சாவி கொடுத்தேன். "ஓடுங்க!" என்றேன்.

ஓடிவந்தார்கள். கமராவுக்கு முன்னால் வந்ததும் முதல் ஆள் நின்றான். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, வாயை மூடி, ஆடாமல் அசையாமல் நேராகப் பார்த்தான். பிறகு ஓடினான். அடுத்தவள் வந்தாள். முக்காட்டைப் பின்னுக்குத் தள்ளி முடியைக் காதுக்குப் பின்னால் செருகினாள், பார்த்தாள், ஓடினாள். இப்படியே வரிசையாக, ஒவ்வொருவராக.

எனக்கு வந்த ஆத்திரத்தில் தொப்பியைத் தரையில் அடித்தேன். "வேலநிறுத்தம் பண்றீங்களா, இல்ல கலியாணப் படம் எடுக்கிறீங்களா? பொலிசு தொரத்துதுய்யா! எவனாச்சும் நின்னு மூஞ்சியக் காட்டுவானா?"

கொழுந்தெடுக்கிற கிழவி ஒருத்தி இடுப்பில் கைவைத்து நின்றாள். "ஏந்தம்பி, ஒங் கடைக்கு வந்தப்ப என்னா சொன்ன? நேரா பாரு, சிரிக்காத, ரெண்டு காதும் தெரியணும்னு நீதான சொன்ன? இப்ப வந்து ஓடு ஓடுங்குற. ஒனக்கே நெதானம் இல்ல."

பெரட்டுக்களமே சிரித்தது. நான் மட்டும் சிரிக்கவில்லை. அந்த நொடியில் எனக்குள் ஒன்று பிடிபட்டது. கும்பலாக ஓடினால் அது வெறும் கும்பல். ஒவ்வொருவராக நின்று ஒரு நொடி நேராகப் பார்த்துவிட்டு ஓடினால், பார்க்கிறவனுக்கு முதுகு சில்லிடும். "யாரையும் மாத்த வேணாம். இப்பிடியே செய்ங்க" என்றேன். பனி இறங்கும்வரை காத்திருந்து எடுத்தேன். வெள்ளைப் பனிக்குள்ளிருந்து ஒரு முகம் வரும், நிற்கும், உங்களைப் பார்க்கும், போகும். அடுத்த முகம். அறுபது முகம். எந்தப் பட்டணத்துக்காரனுக்கும் அந்த யோசனை வந்திருக்காது.

கம்பளிக்காரனைக் கடைசி ஞாயிறு எடுத்தேன். ஸ்டோருக்குப் பின்பக்கம், என்ஜின் அறைக் கதவு. சொன்னபடி அவன் முகத்தை மூடித்தான் எடுத்தேன். அவன் நடந்த நடையைப் பார்க்க வேண்டுமே! பூனைகூட அப்படி வராது. ஆனால் எல்லாம் முடிந்த பிறகு மனசு கேட்கவில்லை. இவ்வளவு நேரம் யார் யார் என்று சனத்தைத் தவிக்க வைத்துவிட்டு, முகத்தைக் காட்டாமல் விட்டால் அது என்ன திகில் படம்?

"தம்பி, ஒரே ஒரு தடவ. கம்பளியத் தூக்கிட்டு என்னயப் பாரு."

"மூஞ்சி தெரியாதுன்னீங்களே."

"எடுத்துத்தான் பாப்பமே. நல்லா இல்லேன்னா வெட்டிருவேன்."

"நல்லா இருந்தாலும் வெட்டிருவீங்கல்ல?"

"வெட்டிருவேன்."

அவன் கம்பளியைத் தூக்கினான். என்னைப் பார்த்தான். மற்றவர்களைப் போலவே, படிந்த முடியும் மூடின வாயுமாக, நேராக. மூன்று விநாடி.

படச்சுருளை அனுப்பிக் கழுவி வர இரண்டு மாதம் ஆனது. அது ஒரே பிரதி, வேறு கிடையாது. தோட்டப் பள்ளிக்கூடத்து ஜன்னல்களில் சாக்கைக் கட்டி மறைத்து, ஒரு ஞாயிறு பிற்பகலில் ஓட்டினேன். மைக்கைப் பிடித்து எல்லாக் குரலிலும் பேசினேன். ஒவ்வொரு முகம் வரும்போதும் கூச்சல். "அந்தா எங்கப்பா!" "ஏய், ஒன் மூக்கு என்னா இம்புட்டுப் பெருசு!" கடைசியில் கம்பளி விலகி அவன் முகம் வந்தபோது கூச்சல் நின்றது. ஒரு மூச்சுகூட இல்லை. அப்படி ஒரு அமைதியை நான் பிறகு எங்கேயும் உண்டாக்கியதில்லை. அப்புறம் கைதட்டல்.

வெளியே வந்து மெஷினைக் கட்டும்போது அவன் வந்து நின்றான். "வெட்டுறேன்னு சொன்னீங்களேண்ணே. அடுத்த மாசம் வெசாரணைக்குக் கடுதாசி வந்திருச்சு. மொத வியாழக்கெழம நுவரெலியாவுக்குப் போகணும்."

"அடுத்த தோட்டத்துல காட்டுறதுக்கு முன்னாடி வெட்டிர்றேன். கவலப்படாதப்பா. ஆனா பாத்தியா, ஒன் மூஞ்சிக்குத்தான் கை தட்டுனாங்க."

அவன் மனைவி, பிள்ளையை இடுப்பில் வைத்தபடி சொன்னாள்: "கைதட்டுனத வச்சு ஒல வைக்க முடியாதுங்கண்ணே."

ஸ்டூடியோவுக்கு வந்து கத்தரிக்கோலை எடுத்தேன். மூன்று விநாடி என்றால் ஒரு முழத்துக்குக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான் நீளம். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். சின்னச் சின்னக் கட்டத்துக்குள் அவன் முகம், அவன் முகம், அவன் முகம். கத்தரிக்கோலை வைத்துவிட்டேன். நாளைக்கு, என்று நினைத்தேன். நாளைக்கும் அப்படியே நினைத்தேன்.

இரண்டு வாரத்துக்குள் அந்தத் தோட்டத்து ஸ்டோரில் என்ஜின் அறை நிஜமாகவே வெடித்தது. ஒரு பக்கச் சுவர் விழுந்தது. என்ஜின்காரருக்கு இரண்டு கையும் வெந்துபோனது. அதற்கு முன்பே பழைய தொரை ஓய்வுபெற்றுப் போய்விட்டார். புதிதாக வந்தவர் கொழும்புக்காரர், நம் நாட்டு ஆள்தான். ஆனாலும் தொப்பி அதே தொப்பி. வேலைநிறுத்தப் பேச்சு உண்மையாகவே அடிபட்டுக்கொண்டிருந்த நேரம் அது. வெடித்த மறுநாளே யாரோ அவர் காதில் போட்டுவிட்டார்கள்: இதெல்லாம் முன்கூட்டியே படமாக எடுத்திருக்கிறார்கள், தொர.

பொலிஸ் ஜீப் என் கடை வாசலில் நின்றது. மூன்று தகர டப்பாவையும் எடுத்துக்கொண்டு, மெஷினையும் என்னையும் ஏற்றிக்கொண்டு தோட்டத்து கிளப்புக்குப் போனார்கள். பகல் இரண்டு மணி. திரைச்சீலைகளை இழுத்து மூடினார்கள். தொரை சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தார். பக்கத்தில் இன்ஸ்பெக்டர். செக்ரோல் புத்தகத்தை, அதாவது தோட்டத்து ஆள் கணக்கை, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கிளாக்கர் ஐயா நின்றார். அவரும் தமிழர்தான். பில்லியர்ட் மேசைமேல் மெஷினை வைத்தேன். பழக்க தோஷத்தில் வாயைத் திறந்து கதை சொல்லத் தொடங்கினேன்.

"பேச வேணாம். ஓட்டு" என்றார் தொரை.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. என் குரல் இல்லாவிட்டால் அந்தப் படத்தில் கதை இல்லை. கெட்டவனை ஏவியது யார் என்பது இல்லை. வெறும் கொடி, வெறும் ஓட்டம், ஸ்டோருக்குள் வெடி கொண்டு போகிறவன். அவ்வளவுதான் இருந்தது.

முகங்கள் வரத் தொடங்கின. ஒவ்வொன்றாக நின்று, நேராகப் பார்த்து, இரண்டு காதும் தெரிய.

இன்ஸ்பெக்டர் சிங்களத்தில் யார் இது என்று கேட்பார். கிளாக்கர் ஐயா சொல்வார். "ஏழாம் நம்பர் லயம், மூணாம் காம்பரா. பேரு..." அடுத்த முகம். "பத்தாம் நம்பர் லயம், மூலக் காம்பரா." பெரட்டுக்களத்தில் காலையில் பெயர் கூப்பிடுகிற அதே குரல். ஒரு பொலிஸ்காரர் எழுதிக்கொண்டே வந்தார். என் பனிக்குள்ளிருந்து நடந்து வந்து அவர்கள் ஒவ்வொருவராக அந்தத் தாளில் இறங்கினார்கள். யாரையும் தேட வேண்டியிருக்கவில்லை. நான் அவ்வளவு தெளிவாக எடுத்திருந்தேன்.

இரண்டாவது சுருள் முடிந்ததும், "மூணாவது கெட்டுப்போச்சுங்க தொர" என்றேன். இன்ஸ்பெக்டர் மூன்றாவது டப்பாவை எடுத்து என் கையில் வைத்தார்.

மெஷின் ஓட்டுகிறவனுக்கு ஒரு விஷயம் தெரியும். விளக்குக்கு முன்னால் படம் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். நின்றால் இரண்டு விநாடியில் வெந்துவிடும். என்னுடையது பழைய மெஷின். பக்கவாட்டில் படம் வளைந்து இறங்குகிற இடத்தில் கட்டைவிரலால் லேசாக அழுத்தினால் போதும், நின்றுவிடும். வெளியே பார்ப்பவனுக்கு மெஷின் கோளாறு மாதிரித்தான் தெரியும். கம்பளிக்காரன் என்ஜின் அறைக் கதவருகே வரும்போதே அழுத்திவிடுவது, முகம் வருகிற துண்டு முழுக்க வெந்துபோகட்டும் என்று முடிவு செய்தேன். கட்டைவிரலை அந்த இடத்தில் வைத்துக்கொண்டேன்.

கம்பளிக்காரன் சரிவில் இறங்கி வந்தான். தொரை நாற்காலியில் நிமிர்ந்தார்.

"இத எடுத்தது யாரு?"

"நான்தாங்க தொர."

"நீயா? எங்க படிச்ச?"

"மூணாம் வகுப்புங்க."

அவர் சிரித்தார். இன்ஸ்பெக்டரிடம் இங்கிலீசில் ஏதோ சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பி, "கொழும்புல ஒருத்தனும் இப்பிடி எடுக்க மாட்டான். நடை பாரு, நடை!" என்றார்.

என் வாழ்நாளில் அதுவரை என் தொழிலைத் தெரிந்த ஒருவர் என்னைப் பாராட்டியதில்லை. தோட்டத்துச் சனம் கைதட்டியது வேறு. இவர் பெரிய பெரிய படங்களைப் பார்த்தவர். நடையையே இப்படிச் சொல்கிறாரே, அந்தக் கடைசி முகத்தைப் பார்த்தால் என்ன சொல்வார்? அந்த நினைப்பு ஓடியது. இல்லையென்று சொல்ல மாட்டேன். கட்டைவிரல் அந்த இடத்திலேயே இருந்தது. நான் அழுத்தவில்லை.

கம்பளி விலகியது. அவன் பார்த்தான். ஒன்று, இரண்டு, மூன்று.

"ஃபைன்" என்றார் தொரை, மெதுவாக.

அப்புறம் அழுத்தினேன். அவன் மூக்கிலிருந்து பழுப்பு நிறமாக ஒரு கொப்புளம் கிளம்பி, கன்னத்துக்கும் கண்ணுக்கும் பரவி, நடுவில் ஓட்டை விழுந்து, திரை வெள்ளையானது. அறை முழுக்க நாற்றம்.

"ஐயோ, என்னா செஞ்ச! அந்த ஷாட்டக் கெடுத்திட்டியே!" தொரை நாற்காலியிலிருந்தே எழுந்துவிட்டார்.

இன்ஸ்பெக்டர் கிளாக்கர் ஐயாவைப் பார்த்தார். அவர் புத்தகத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் இன்னும் மறக்கவில்லை. "வெளிச்சத்துல சரியாப் புடிபடலீங்க" என்றார். அறுபது பேரைச் சொன்ன மனிதர், ஒருவனுக்காவது பொய் சொன்னார்.

"எனக்குத் தெரியும்" என்றார் தொரை. "பன்னெண்டாம் நம்பர் மலைல கவ்வாத்து வெட்டுறவன். போன வாரம் பாத்தேன்." பெயர் தெரியாவிட்டாலும் முகம் அவருக்கு நன்றாகப் பிடித்துப்போயிருந்தது.

அன்று மாலையே அவனைக் கொண்டுபோனார்கள். ஒன்பது நாள் வைத்திருந்தார்கள். அவனுடைய வியாழக்கிழமை அந்த ஒன்பது நாளுக்குள் வந்து போனது. நுவரெலியாவில் அவன் பெயரைக் கூப்பிட்டிருப்பார்கள். பதில் சொல்ல ஆள் இல்லை. விண்ணப்பக்காரர் விசாரணைக்கு வரவில்லை என்று எழுதி, அவன் கோப்பை மூடினார்கள். மறுபடி கேட்டு ஒரு கடுதாசி எழுத நானே கிளாக்கர் ஐயாவிடம் போனேன். எழுதிக் கொடுத்தார். பதில் வரவில்லை.

கொழும்பிலிருந்து வந்த என்ஜினியர், காற்று அடைக்கிற பழைய சிலிண்டர் வெடித்ததுதான் காரணம், வெடியும் இல்லை ஒன்றும் இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். அதனால் வழக்கும் இல்லை. ஆனால் அந்தத் தாளில் பெயர் இருந்ததே. வேலைநிறுத்தம் செய்யக்கூடியவர்கள் யார் யார் என்று தோட்டத்துக்கு முகத்தோடு ஒரு பட்டியல் கிடைத்துவிட்டது. அவனுக்கும் இன்னும் ஆறு பேருக்கும் பத்துச்சீட்டு கொடுத்தார்கள். தோட்டத்தை விட்டு நிறுத்திவிட்டோம் என்பதற்கான சீட்டு. அதில் என்ன எழுதியிருந்ததோ, கையில் கொண்டு போனால் வேறெந்தத் தோட்டமும் சேர்க்கவில்லை. என்னைச் சும்மா விட்டார்கள். தொரை எனக்காகப் பேசியதாகப் பிறகு தெரிந்தது.

அவர்கள் காம்பராவைக் காலி செய்த அன்று போனேன். அம்மிக்கல்லைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தாள் அவன் மனைவி. "மெஷின் கோளாறும்மா, நேரத்துக்கு நிக்கல. நான் எரிச்சுத்தான் விட்டேன், அதுக்குள்ள..." என்றேன்.

அவள் நிமிரவில்லை. "படந்தானேண்ணே" என்றாள்.

மெஷின் கோளாறு என்றுதான் இத்தனை வருஷமும் எல்லாரிடமும் சொல்லி வந்தேன். என் பிள்ளைகளுக்கும் அப்படித்தான் தெரியும். இந்தப் புத்தகத்தில் என் வெற்றிகளை எல்லாம் எழுதிவிட்டு இதை மட்டும் கோளாறு என்று எழுதக் கை வரவில்லை. மெஷினில் ஒரு கோளாறும் இருக்கவில்லை. நான் பராமரித்த மெஷின் அது.

நாலைந்து மாதம் கழித்து, ஒரு காலையில் கடையைத் திறந்து விளக்கைப் போடும்போது நாலு பேரும் வந்து நின்றார்கள். தீபாவளிச் சேலை. எண்ணெய் வைத்த தலைகள். அவன் இளைத்திருந்தான்.

"கடவுச்சீட்டுக்குப் படம் எடுக்கணும்ணே. இந்தியாவுக்கு எழுதிக் குடுத்துட்டோம்."

"அங்க யாரு இருக்கா?"

"யாரும் இல்ல. எங்கப்பாவோட ஊருன்னு ஒரு பேரு இருக்கு."

தெருவில் இன்னொரு ஸ்டூடியோ இருந்தது. ஏன் என்னிடம் வந்தான் என்று நான் கேட்கவில்லை. முதலில் பிள்ளைகளை எடுத்தேன், பிறகு அவளை. அவள் கமராவைப் பார்த்த பார்வையில், துணியைத் தலையில் போட்டுக்கொண்டு கமராவுக்குப் பின்னால் நின்ற நான்தான் ஒளிந்துகொண்டவன் மாதிரி இருந்தேன். கடைசியாக அவன் உட்கார்ந்தான்.

"கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்பு, தம்பி."

அவன் திரும்பவில்லை. இரண்டாம் தரம் சொன்னேன். மனைவி அவன் தோளைத் தொட்டு, வலது காதுக்குக் குனிந்து சொன்னாள்.

"அந்த ஒம்பது நாள்ல எடது காது போயிருச்சுண்ணே" என்றான். "கேக்காது, அவ்வளவுதான். படத்துல தெரியும். ரெண்டும் தெரியும்." முடியை அவனே ஒதுக்கிவிட்டுக்கொண்டான். நேராகப் பார்த்தான்.

நான் வழக்கமாகச் சொல்கிற எதையும் சொல்லவில்லை. கமராவின் ரப்பர் பந்தை அமுக்கினேன்.

எழுந்து போகும்போது வாசலில் நின்று திரும்பினான். "இத வெட்டிறாதீங்கண்ணே. இது இல்லாட்டி கப்பல்ல ஏத்த மாட்டாங்க."

அதை நானே என் கையால் கழுவி, நானே அச்சுப் போட்டுக் கொடுத்தேன். அறுபது வருஷத் தொழிலில் அவ்வளவு துல்லியமான படம் எனக்கு வாய்த்ததில்லை. இடது புருவத்துத் தழும்பில் தையல் போட்ட புள்ளிகளைக்கூட எண்ணலாம். அதைக் கவனித்துப் பார்த்தவர்கள் இரண்டே பேராகத்தான் இருக்கும்: நானும், இந்தியாவுக்குக் கப்பல் ஏற்றுகிற தலைமன்னாரில் அதன் மூலையில் முத்திரை குத்தியவரும்.